262-வது ஆளும் 3-வது ஆளும்: குவார்ட்டர்பேக்கைக் கணிப்பது ஏன் இத்தனை கடினம்?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், 2021-ஆம் ஆண்டு டிராஃப்டுக்கு, அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு, சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணிக்குக் கிடைத்திருந்தது 12-வது இடம். அதை 3-வது இடமாக மாற்றிக்கொள்ள அந்த அணி கொடுத்த விலை: அந்த 12-வது இடம், அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகள், போதாததற்கு ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பு. இவ்வளவையும் மயாமி அணிக்குத் தூக்கிக் கொடுத்து வாங்கிய இடத்தில் எடுத்த ஆள், நார்த் டகோட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) ட்ரே லான்ஸ்.

அடுத்த ஆண்டு அதே அணி, டிராஃப்டின் ஆகக் கடைசி இடமான 262-ல் ப்ராக் பர்டி என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தது. கடைசியாக எடுக்கப்படுபவருக்கு அங்கே ‘மிஸ்டர் இர்ரெலவன்ட்’ என்று கிண்டலாக ஒரு பட்டமே உண்டு. இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று பொருள்.

2022 செப்டம்பரில் லான்ஸின் கணுக்கால் முறிந்தது. அவருக்குப் பதில் ஆடிய ஜிம்மி கரோப்போலோவின் பாதம் டிசம்பரில் உடைந்தது. வேறு வழியில்லாமல் பர்டியை இறக்கினார்கள். லீக் சுற்றில் அவர் தொடங்கிய ஐந்து ஆட்டங்களிலும் அணி வென்றது. 2024 பிப்ரவரியில் அவர் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஆடிக்கொண்டிருந்தார். லான்ஸோ அதற்கு ஆறு மாதம் முன்பே ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டல்லஸுக்குக் கைமாற்றப்பட்டிருந்தார். சான் பிரான்சிஸ்கோவுக்காக அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது மொத்தம் நான்கே ஆட்டங்கள்.

இருவரையும் எடுத்தது ஒரே நிர்வாகம். தலைமைப் பயிற்சியாளரும் ஒரே ஆள், கைல் ஷானஹன். திறமையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள்தான். அப்படியிருந்தும் தங்கத்தின் விலை கொடுத்து வாங்கியது கைக்கு உதவவில்லை, கொசுறாக வந்தது வீட்டைத் தூக்கி நிறுத்தியது. இதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். ஆனால் இதே கதை வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அடிப்படை. என்எஃப்எல்லில் 32 அணிகள். கல்லூரி அணிகளில் ஆடும் இளைஞர்களை ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் வரிசைப்படி எடுத்துக்கொள்வார்கள். முந்தைய சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் இடம். 1936-லிருந்து இருக்கும் ஏற்பாடு இது. பள்ளிப் படிப்பு முடித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தால்தான் ஒருவர் இதற்குத் தகுதி பெறுவார். குவார்ட்டர்பேக் என்பவர் தாக்குதல் அணியின் மூளை. ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். எறிவதா, பக்கத்தில் ஓடிவருபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டரை நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த இரண்டரை நொடியில் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நான்கைந்து பேர் அவரைத் தரையில் சாய்க்கப் பாய்ந்துகொண்டிருப்பார்கள். இந்த ஓர் இடம் சரியாக அமையாத அணி, மற்ற எல்லா இடத்திலும் நல்ல ஆள் வைத்திருந்தும் பெரும்பாலும் வெல்வதில்லை.

பணக் கணக்கும் இருக்கிறது. 2010-இல் முதல் இடத்தில் வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதத்தோடு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. 2011-இல் புதுமுகங்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. அந்த ஆண்டு முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தே சுமார் 2.2 கோடிதான். தேறிய குவார்ட்டர்பேக்குக்கு இன்று ஆண்டுக்கு 5 கோடி டாலரும் அதற்கு மேலும் போகிறது. பர்டியே 2025-இல் ஐந்து ஆண்டுக்கு 26.5 கோடிக்குக் கையெழுத்திட்டார். ஆகவே நல்ல புதுமுகம் கிடைத்தால் நான்கு ஆண்டுகள் மலிவு விலையில் ஓட்டலாம், மிச்சப் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம். தோற்றாலும் பணநஷ்டம் முன்புபோல் இல்லை. அணிகளுக்குச் சூதாடும் துணிச்சல் கூடியதற்கு இது முக்கியக் காரணம்.

சரி, ஏன் தவறுகிறார்கள்? கல்லூரி மைதானத்தில் கேட்கப்படும் கேள்வி வேறு, தொழில்முறை மைதானத்தில் கேட்கப்படும் கேள்வி வேறு என்பதே இதற்கு என் பதில். ரஞ்சியில் ரன் குவித்தவர் டெஸ்டில் திணறுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அங்கே ஆடுகளத்தின் நீளமாவது மாறுவதில்லை. இங்கே மைதானத்தில் போட்டிருக்கும் கோடுகளே வேறு. ஒவ்வொரு நகர்வும் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று குறிக்கும் இரண்டு வரிசைக் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. அதனால் கல்லூரியில் பந்து ஓரமாக நின்றால் மறுபக்கம் பெரிய வெட்டவெளி கிடைக்கிறது. எதிரணி அதை முழுக்கக் காக்க முடியாது. இன்னொரு விதி: குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைத் தடியர்கள், அவர் எறிவதற்கு முன், எவ்வளவு தூரம் முன்னேறலாம்? கல்லூரியில் 3 கெஜம், என்எஃப்எல்லில் 1 கெஜம். இரண்டு கெஜம்தானே என்று தோன்றும். ஓடப்போவதுபோல் பாவனை காட்டி எறியும் தந்திரம் முழுவதும் அந்த இரண்டு கெஜத்தில்தான் உயிர் வாழ்கிறது. எதிரணிக்காரன் ஏமாந்து முன்னே வருவான், அவன் விட்டுவந்த இடத்தில் பந்து போய் விழும். குவார்ட்டர்பேக் ஓர் ஆளைப் பார்த்தால் போதும்.

அப்புறம், யார் யோசிக்கிறார்கள் என்பது. பல கல்லூரி அணிகளில் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர்கள் படங்கள் போட்ட பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு, தேவையானால் வேறு அட்டை. பையன் அட்டையைப் பார்த்து எறிவான். என்எஃப்எல்லில் 1994 முதல் பயிற்சியாளரின் குரல் தலைக்கவசத்துக்குள் கேட்கும், உண்மைதான். ஆனால் கடிகாரத்தில் 15 நொடி மீதமிருக்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். அதற்குப் பிறகு எதிரணி இடம் மாற்றினால் அதைப் படிப்பதும், காப்பு வரிசையைத் திருத்துவதும், திட்டத்தையே மாற்றுவதும் அவர் தலையில்தான். கல்லூரி உயர்மட்டப் போட்டிகளுக்கு அந்த வானொலி வந்ததே 2024-இல்தான்.

ஆகக் கடைசியாக, ‘ஆள் காலியாக இருக்கிறான்’ என்பதன் பொருளே மாறிவிடுகிறது. கல்லூரியில் காலி என்றால் சுற்றிலும் இரண்டு மூன்று கெஜத்துக்கு யாருமில்லை. என்எஃப்எல்லில் காலி என்றால் ஒரு கை நீளம். பந்து பிடிக்க ஓடும் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே அவர் திரும்பப்போகும் இடத்துக்குப் பந்து கிளம்பியிருக்க வேண்டும். பார்த்த பின் எறிபவருக்கு அங்கே வேலையில்லை.

எனவே நல்ல ஸ்கவுட், அதாவது அணிக்காக ஆள் தேடுபவர், என்ன செய்வார்? வீடியோவை உட்கார்ந்து பார்ப்பார், ஆனால் டச் டவுன்களை (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுக்கும் நகர்வுகளை) தாண்டிப் போய்விடுவார். 22 பேரும் தெரியும் உயரமான கோணத்தில், தோல்வியின் விளிம்பில் நடந்த நகர்வுகளைத் தேடுவார். முதலில் பார்த்த ரிசீவர் மறைக்கப்பட்டதும் கண் எங்கே போகிறது? இரண்டாவது ஆளிடமா, மூன்றாவது ஆளிடமா, அல்லது பாய்ந்து வருபவர்களிடமா? கால் பதறுகிறதா? அடி விழப்போவது தெரிந்தும் எறிகிறாரா? பந்தை வைத்துக்கொண்டே எதிரணியிடம் மாட்டிச் சாய்வதைச் சாக் என்பார்கள். கல்லூரியில் அடிக்கடி சாக் வாங்கியவர் மேலே போனாலும் வாங்குவார் என்பதில் வீடியோ பார்ப்பவர்களும் புள்ளிவிவரக்காரர்களும் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். காப்பு வரிசை மாறினாலும் அந்தப் பழக்கம் கூடவே வருகிறது.

சங்கடம் என்னவென்றால், பெரிய கல்லூரி அணியின் குவார்ட்டர்பேக்குக்கு அப்படிப்பட்ட நகர்வுகள் அதிகம் வருவதே இல்லை. லூசியானா ஸ்டேட்டின் ஜோ பர்ரோ 2018-இல் 16 டச் டவுன் எறிந்தவர், 2019-இல் 60. எறிந்த பந்துகளில் 76.3 சதவீதம் கைசேர்ந்தன, அணி 15 ஆட்டங்களிலும் வென்றது. ஆனால் பிடித்தவர்கள் யார்? ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும். இன்று லீக்கின் மிகச் சிறந்த ரிசீவர்களில் இருவர். பெருமை எறிந்தவருக்கா, பிடித்தவர்களுக்கா? சின்சினாட்டி 2020-இல் பர்ரோவை முதல் இடத்தில் எடுத்தது, மறு ஆண்டு சேஸையும் எடுத்துக்கொண்டது. கேள்விக்கு விடை தேடாமல் இரண்டு பேரையும் வாங்கிப் போட்டது கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்வேன். அந்த சீசனிலேயே சூப்பர் பவுல் வரை போனார்கள்.

கண்ணுக்கு இப்படிப் பிடிபடாதபோது மனிதர்கள் என்ன செய்வார்கள்? அளக்க முடிந்ததை அளப்பார்கள். ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் எனும் சடங்கு அதற்குத்தான். நம்மூர்ப் பெண் பார்க்கும் படலத்துக்கு இதைவிட நெருக்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. உயரம், எடை, உள்ளங்கை அளவு, 40 கெஜ ஓட்டம், ஓர் அறையில் சில நிமிடக் கேள்வி பதில். பர்ரோவின் கை 9 அங்குலம்தான் என்று அங்கே அளந்து சொன்னார்கள். ஓய்வு பெறலாமா என்று யோசிப்பதாக அவரே கேலியாக ட்வீட் போட்டார். டாம் பிரேடி 40 கெஜத்தை ஓடி முடிக்க 5.28 நொடி எடுத்தார். 2000 டிராஃப்டில் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போன பிறகு 199-வது இடத்தில் போனார். ஏழு சூப்பர் பவுல் வென்றார். இந்தக் கதை தேய்ந்துபோகும் அளவுக்குச் சொல்லப்பட்டுவிட்டதால் இத்தோடு விடுகிறேன்.

ஜாதகப் பொருத்தம் மாதிரி அறிவுத் தேர்வும் உண்டு. வொண்டர்லிக் என்ற தேர்வில் 12 நிமிடத்தில் 50 கேள்வி. பல பத்தாண்டுகள் நடத்தி 2022-இல் கம்பைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தைப் பிடிக்க வந்த எஸ்2 தேர்வில் சி.ஜே. ஸ்ட்ரவுட் மிகக் குறைவாக வாங்கினார் என்று 2023-இல் செய்தி கசிந்தது. ஹூஸ்டன் அவரை 2-வது இடத்தில் எடுத்தது. அந்த ஆண்டின் சிறந்த தாக்குதல் புதுமுகம் அவரே. அதே டிராஃப்டில் அவருக்கு முன் பிரைஸ் யங்கை எடுக்கக் கரோலினா கொடுத்தது டி.ஜே. மூர் என்ற தேறிய ரிசீவரையும் நான்கு வாய்ப்புகளையும். கரோலினா அந்த சீசனில் 2 வெற்றி, 15 தோல்வி. அதனால் அவர்கள் கொடுத்திருந்த 2024 முதல் சுற்று வாய்ப்பு மொத்த டிராஃப்டின் முதல் இடமாகவே மாறி சிகாகோவுக்குப் போனது. சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டது.

எண்களை நம்புபவர்களின் வழி இதைவிடக் கொஞ்சம் தேவலை. பழைய பயிற்சியாளர் பில் பார்செல்ஸுக்கு ஒரு பட்டியல் இருந்தது: மூன்று ஆண்டு தொடக்க ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டும், கடைசி ஆண்டு மாணவராக இருக்க வேண்டும், பட்டம் முடித்திருக்க வேண்டும், 23 ஆட்டமாவது வென்றிருக்க வேண்டும். 2006-இல் டேவிட் லூயின் என்பவர் இன்னும் சுருக்கினார். முதல் இரண்டு சுற்றில் போகும் குவார்ட்டர்பேக்குக்கு இரண்டே எண்கள் போதும்: கல்லூரியில் தொடங்கிய ஆட்டங்கள் எத்தனை, எறிந்ததில் எத்தனை சதவீதம் கைசேர்ந்தது. லான்ஸ் தொடங்கியது 17 ஆட்டம். 2017-இல் சிகாகோ 2-வது இடத்தில் எடுத்து ஏமாந்த மிட்செல் ட்ரூபிஸ்கி 13. பர்டி 46!

இந்த விதியில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் காரணம். நிறைய ஆடியவர் நிறையக் கற்றிருப்பார் என்பதைவிட, நிறைய ஆடியவரைப் பற்றி ஸ்கவுட்டுகள் கையில் நிறைய வீடியோ இருக்கும். குறை மறைந்திருக்க இடமிருக்காது. பதின்மூன்று ஆட்டத்தில் எல்லோருமே அழகாகத் தெரியலாம். லான்ஸ் 2019 சீசன் முழுக்க ஒரு பந்தைக்கூட எதிரணியிடம் எறிந்து தொலைக்கவில்லை. 2020-இல் கோவிட் காரணமாக ஓர் ஆட்டத்தோடு அவருடைய சீசன் முடிந்தது. பார்க்கக் கிடைக்காத ஆட்டங்களை எல்லோரும் தங்கள் ஆசையால் நிரப்பிக்கொண்டார்கள்.

ஆனால் இந்த விதியும் தேய்ந்துவருகிறது. கோவிடால் கிடைத்த கூடுதல் ஆண்டு, கல்லூரி விட்டுக் கல்லூரி தாவும் சுதந்திரம், மாணவர்களே விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்ற 2021 அனுமதி எல்லாம் சேர்ந்து ஐந்து ஆறு ஆண்டு ஆடிய குவார்ட்டர்பேக்குகளை உருவாக்கியிருக்கின்றன. 2024-இல் டென்வர் எடுத்த போ நிக்ஸ் தொடங்கியது 61 ஆட்டம். 46 என்ற எண்ணுக்கு இருந்த பழைய மதிப்பு இனி இருக்காது.

எண்களின் பக்கம் நிற்பவர்கள் வாயடைத்துப்போனது 2018 டிராஃப்டில். முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள்: பேக்கர் மேஃபீல்ட் 1, சாம் டார்னால்ட் 3, ஜோஷ் ஆலன் 7, ஜோஷ் ரோசன் 10, லமார் ஜாக்சன் 32. வயோமிங்கிலிருந்து வந்த ஆலனுக்குப் பீரங்கி மாதிரி கை. ஆனால் கல்லூரியில் கைசேர்ந்தது 56.2 சதவீதம்தான். பெரிய அணிகளைக்கூட அதிகம் எதிர்கொள்ளாதவர். குறி தவறுபவர் திருந்த மாட்டார் என்பது அன்றைய வேதம். பஃபலோ துணிந்து எடுத்தது. முதல் ஆண்டு 52.8, அடுத்து 58.8. வேதம் பலித்தது என்றே எல்லோரும் நினைத்திருந்தபோது, 2020-இல் 69.2. 2024 சீசனின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கு. நடுவில் நடந்தது என்ன? எறியும் முறையை அடியிலிருந்து பிரித்துக் கட்டினார். தலைமைப் பயிற்சியாளரும் தாக்குதல் பயிற்சியாளரும் மாறாமல் இருந்தார்கள். ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற முதல்தர ரிசீவரை 2020-இல் வாங்கிக் கொடுத்தார்கள்.

ரோசனைப் பாருங்கள். ஐவரில் எறியும் நடை மிகச் சுத்தமானது அவருடையதுதான் என்று பலர் எழுதினார்கள். அரிசோனாவில் அவர் போன சீசனின் நடுவிலேயே தாக்குதல் பயிற்சியாளரை நீக்கினார்கள், முடிவில் தலைமைப் பயிற்சியாளரையும் நீக்கினார்கள். புதிதாக வந்த கிளிஃப் கிங்ஸ்பரி 2019-இன் முதல் இடத்தில் கைலர் மர்ரேயைக் கொண்டுவந்தார். ஒரே ஆண்டில் ரோசன் மயாமிக்குப் பார்சல். அவருக்குத் திறமை போதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடிக்கவாவது யாருக்கும் அவகாசம் இருந்ததா?

ஜாக்சன் கதையில் ஒரு சுவாரசியமான ஆள் வருகிறார். 1998-இல் பேட்டன் மானிங்கா, ரயன் லீஃபா என்று நாடே விவாதித்தபோது இண்டியானாபொலிஸுக்காக மானிங்கைத் தேர்ந்தெடுத்தவர் பில் போலியன். மானிங் முதல் சீசனில் 28 இன்டர்செப்ஷன் (எதிரணி கைக்குப் போன பந்து) எறிந்தும் ஐந்து முறை சிறந்த வீரர் விருது வாங்கினார். சான் டியாகோ எடுத்த லீஃப் தன் தொழில் வாழ்க்கை முழுவதிலும் 14 டச் டவுன், 36 இன்டர்செப்ஷனோடு களத்தை விட்டுப் போனார். குவார்ட்டர்பேக் கணிப்பின் வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற சரியான முடிவு போலியனுடையது. அதே போலியன் 2018-இல், ஜாக்சன் குவார்ட்டர்பேக்காக வேண்டாம், ரிசீவராக மாறட்டும் என்றார். பால்டிமோர் ஜாக்சனைக் கடைசி நேரத்தில் 32-ல் எடுத்து, அவருடைய கால்களை மையமாக வைத்து ஒரு தாக்குதல் முறையையே கட்டியது. 2019-இல் வாக்களித்த ஒருவர்கூட விலகாமல் சிறந்த வீரர் விருது. தான் சொன்னது தவறு என்று போலியனே ஒப்புக்கொண்டார். இருபது ஆண்டில் அவர் கண் கெட்டுவிட்டது என்று நான் நினைக்கவில்லை. மானிங் எந்த அணியிலும் பொருந்தக்கூடிய சாவி. ஜாக்சனுக்கோ பூட்டைச் செய்ய வேண்டியிருந்தது, அதைச் செய்யத் தயாரான அணி எங்கே இருக்கும் என்று ஸ்கவுட்டின் அறிக்கையில் எழுத இடமில்லை.

இன்னொரு குவார்ட்டர்பேக்கான பாட்ரிக் மஹோம்ஸையும் இதில்தான் வைக்கிறேன். 2017-இல் ட்ரூபிஸ்கிக்குப் பின் எட்டு இடம் தள்ளி, கான்சஸ் சிட்டி 10-வது இடத்தில் எடுத்தது. டெக்சஸ் டெக்கில் கிங்ஸ்பரியின் வகுப்பில், ‘ஏர் ரெய்டு’ என்னும் எறிந்துகொண்டே இருக்கும் முறையில் வளர்ந்தவர்; அந்த முறையின் எண்கள் ஊதிப்போனவை என்று பலர் சந்தேகப்பட்டார்கள். கான்சஸ் சிட்டியின் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட் அவரை ஏறக்குறைய ஓர் ஆண்டு முழுக்க அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் உட்கார வைத்தார். 2018-இல் 50 டச் டவுன். சிகாகோ மஹோம்ஸை எடுத்திருந்தால் என்ற கேள்வியை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். சிகாகோவில் அவர் முதல் மாதமே களத்தில் தள்ளப்பட்டிருந்தால் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஆய்வாளர் கேட் மாஸியும் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் டிராஃப்டை ஆராய்ந்தபோது, களத்தில் ஒரே பொறுப்பில் ஆடுபவர்களில் முதலில் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுதான் மேல் என்று கண்டார்கள். நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் நல்லது. அணிகள் கொடுக்கும் விலையோ, பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லும் ஜோசியருக்குக் கொடுக்கும் விலை. சான் பிரான்சிஸ்கோவின் பிழை லான்ஸைப் பிடித்துப்போனதில் இல்லை. பிடித்துப்போனதன்மீது மூன்று ஆண்டு முதல் சுற்றை வைத்ததில் இருக்கிறது.

இன்னொரு ஆள் மிச்சம் இருக்கிறார். 2023 ஆகஸ்டில் பர்டிக்கு அடுத்த இடத்தை லான்ஸிடமிருந்து பறித்தவர், 2018-இன் 3-வது இடமான சாம் டார்னால்ட். நியூயார்க் ஜெட்ஸும் பிறகு கரோலினாவும் தேறமாட்டார் என்று கைவிட்டவர். ஷானஹனிடம் ஓராண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு 2024-இல் மினசோட்டாவுக்குப் போனார். அங்கே தலைமைப் பயிற்சியாளர் கெவின் ஓ’கானல், ஒரு காலத்தில் பிரேடிக்கு மாற்றாக இருந்த குவார்ட்டர்பேக். டார்னால்ட் தலைமையில் அணி 14 ஆட்டம் வென்றது. அந்த ஆண்டு மினசோட்டா 10-வது இடத்தில் எடுத்திருந்த ஜே.ஜே. மெக்கார்த்தி முழங்கால் காயத்தால் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. சீசன் முடிந்ததும் இருவரில் ஒருவரைத் தேர்வு செய்ய வேண்டியிருந்தது. மினசோட்டா மெக்கார்த்தியை வைத்துக்கொண்டது. டார்னால்ட் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சியாட்டில் போய்ச் சேர்ந்தார்.